கிள்ளானுக்கு மாற்றல் கேட்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். பிடித்தம் போக 4,300 வெள்ளி கைக்கு வருகிறது. மாமியார் வீட்டில் இருக்கிறோம். மூன்று வயது மகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார். கணவருக்கு ஷா ஆலமில் 1,200 வெள்ளி கூடுதல் சம்பளத்தில் தனியார் வேலை கிடைத்திருக்கிறது. நானும் ஷா ஆலமுக்குப் பக்கத்தில் உள்ள கிள்ளானுக்கு மாற்றல் கேட்கலாமா?

பதில்: டீச்சர், முதலில் உங்கள் சம்பளத்தை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசாங்க ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் அங்கேயும் இதுதான், இங்கேயும் இதுதான். 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு என்று ஏறியதும் எல்லா ஊருக்கும் பொது. பெரிய நகரம் என்றால் வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் கொஞ்சம் கூடும். அது அறை வாடகைக்கே காணாது.

அப்போ மிச்சம் இருப்பது கணவரின் 1,200. அதிலும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் 1,068. வருமான வரி தனி.

கார் தவணை, படிப்புக் கடன் எங்கே போனாலும் மாறாது. மானிய பெட்ரோலும் ஊருக்கு ஊர் ஒரே விலை. மாறுவது வீடும் பிள்ளையும்தான். கிள்ளானில் சுமாரான மூன்று அறை அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் 1,200 வெள்ளியாவது வையுங்கள். கூடுதல் சம்பளம் அங்கேயே தீர்ந்தது. டோல், பார்க்கிங், மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் செலவெல்லாம் இனிமேல்தான்.

மாமியார் செய்வதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. டாஸ்காவில் (குழந்தைகள் பராமரிப்பு மையத்தில்) விட்டால் மாதம் 500 வெள்ளிக்குக் குறையாது. பள்ளியில் கூட்டம், புறப்பாட நடவடிக்கை என்று நேரமானால் பிள்ளையை எடுக்கத் தாமதமாகும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். காய்ச்சல் என்றால் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். நீங்களோ அவரோ லீவு போட வேண்டும். புது வேலையில் அவரால் முடியாது, நீங்கள்தான் போடுவீர்கள்!

“வாடகைக் காசுக்கு வீடே வாங்கலாமே” என்று யாராவது சொல்வார்கள். அரசாங்க வீட்டுக் கடனுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, நல்லதுதான். ஆனால் சம்பளச் சீட்டில் மொத்தப் பிடித்தம் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கூட்டுறவுக் கடன் ஏற்கெனவே ஓடுகிறதா, பாருங்கள். டியூஷன் வருமானத்தையும் நம்ப வேண்டாம். அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தச் சம்பளத்துக்கு மாற்றல் வேண்டாம். 2,500 கூடுதல் என்றாலோ கம்பெனியே வீடு கொடுத்தாலோ யோசிக்கலாம். பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈப்போ அரை மணி நேரத் தூரம்தானே, அங்கேயும் தேடலாம். இல்லை, போயே ஆக வேண்டும் என்றால் சோதனைக் காலம் முடியும்வரை அவர் அங்கே அறை எடுத்துத் தங்கட்டும். வேலை நிரந்தரமான பிறகு, துணையுடன் சேர்ந்து வாழ என்ற காரணத்தைக் காட்டி ஆசிரியர் மாற்றலுக்கான இணையத்தளமான ஈ-ஜிதுக்காரில் விண்ணப்பியுங்கள். காலியிடம் இருந்தால்தான் கிடைக்கும். திரும்பி வர நினைத்தாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.