காவலும் கடிவாளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் சரிவைப் பற்றி இப்போது எங்கும் பேசுகிறார்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சொல்பவர்களும் உண்டு. என் எண்ணம் வேறு. தென்கொரியா, தைவான் போன்றவை எழுபது ஆண்டுகளாக அமெரிக்கா ஆட்டுவித்தபடி ஆடுகின்றன. அமெரிக்கா தளர்ந்தால் அவை சொந்தக் காலில் நிற்கும், வல்லரசுகள் மோதிக்கொள்வதற்கான காரணமும் இல்லாமல் போகும் என்று நினைக்கிறேன். ஜெர்மனி எழுந்து பிரிட்டன் தளர்ந்த காலத்தில்தானே 1914இன் முதல் உலகப்போர் வந்தது என்று நண்பர் மறுக்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அமெரிக்காவின் வலு மற்றவர்களோடு ஒப்பிடுகையில் குறைந்துவருகிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. 2024 நிதியாண்டில் அந்நாடு ராணுவத்துக்குச் செலவிட்டதைவிடக் கடனுக்குக் கட்டிய வட்டி அதிகம். உலகின் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் இன்று சீனாவில் கட்டப்படுகின்றன, அமெரிக்காவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. நான் உங்களிடமிருந்து விலகுவது ‘ஆட்டுவித்தபடி ஆடுகின்றன’ என்ற இடத்தில்தான். நீங்கள் சொன்ன தென்கொரியாவையே எடுத்துக்கொள்வோம்.

கொரியப் போரை நிறுத்த இரண்டு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த பேச்சில் கடைசிவரை இழுபறியாக இருந்தது போர்க்கைதிகள் விவகாரம். ஊர் திரும்ப மறுக்கும் கைதிகளை என்ன செய்வது என்பதில் 1953 ஜூன் 8 அன்று ஒருவழியாக உடன்பாடு வந்தது. பத்து நாள் கழித்து, ஜூன் 18 விடிவதற்குள், தென்கொரிய அதிபர் சிங்மன் ரீயின் ஆணைப்படி முகாம்களின் காவலர்கள் கதவுகளைத் திறந்துவிட, வடகொரியக் கைதிகளில் ஏறத்தாழ 25,000 பேர் இருட்டில் ஊருக்குள் கலந்து மறைந்தார்கள். நாட்டை இரண்டாக விட்டுவிட்டுப் போரை நிறுத்துவது ரீக்குப் பிடிக்கவில்லை. அதைக் கெடுக்க அவர் கையில் எஞ்சியிருந்த துருப்புச்சீட்டு இது. அவருடைய படைகளுக்குச் சோறும் குண்டும் கொடுத்துவந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் அரசு நடந்து முடிந்த பிறகுதான் செய்தியை அறிந்தது.

ஜூலையில், வடகொரியாவின் பக்கம் நின்று போரிட்ட சீனா முக்கியமாகத் தென்கொரியப் படைகளைக் குறிவைத்துப் பெரும் தாக்குதல் தொடுத்தது. முடியும் தறுவாயில் இருந்த போரில் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தேவைப்பட்டால் ரீயைச் சிறைப்பிடித்து ஆட்சியை எடுத்துக்கொள்வது என்று அமெரிக்கத் தளபதிகள் ஒரு திட்டம்கூட வைத்திருந்தார்கள். ஆனால் நடந்தது பேரம்தான். போர்நிறுத்தத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டேன் என்ற ஒரு வாக்குக்கு விலையாகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் பொருளுதவியையும் இருபது டிவிஷன் படைக்கான செலவையும் அந்தக் கிழவர் வாங்கிக்கொண்டார். போர்நிறுத்த ஆவணத்தில் தென்கொரியாவின் கையெழுத்து இன்றுவரை இல்லை.

இப்படிப்பட்ட கூட்டாளியை வைத்துக்கொண்டு அமெரிக்கா என்ன செய்யும்? உதவி தொடர வேண்டுமானால் தென்கொரியப் படைகள் அமெரிக்கத் தளபதியின் கட்டளைக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று 1954இல் எழுதி வாங்கியது. வடகொரியாவிடமிருந்து தெற்கைக் காப்பது அந்த ஏற்பாட்டின் ஒரு பக்கம், ரீ தன் விருப்பம்போல் வடக்கு நோக்கிப் படை நடத்திவிடாமல் தடுப்பது மறுபக்கம். அதே ஆண்டு தைவானோடு ஒப்பந்தம் செய்தபோதும், அமெரிக்காவைக் கேட்காமல் சீனப் பெருநிலத்தைத் தாக்கமாட்டோம் என்று சியாங் கை-ஷெக்கின் அரசிடம் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். காவலும் கடிவாளமும் சேர்ந்தே வந்தன. நீங்கள் கடிவாளத்தை மட்டும் பார்த்து அடிமைத்தனம் என்கிறீர்கள். வாஷிங்டனில் பலர் காவலை மட்டும் பார்த்து வீண் செலவு என்கிறார்கள். கணக்கு இருவருக்குமே பாதிதான் தெரிகிறது.

காவல் தளரும்போது என்ன ஆகும் என்பதற்கும் கொரியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. ஆசிய நாடுகள் தம் பாதுகாப்பைத் தாமே பெரும்பாலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1969இல் குவாம் தீவில் அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்தார். 1971இல் ஏறத்தாழ 20,000 அமெரிக்கப் படைவீரர்கள் கொரியாவை விட்டு வெளியேறினார்கள். நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ சொந்தக் காலில் நிற்கத்தான் முற்பட்டார். அதற்கு அவர் தேர்ந்த வழி ரகசிய அணுகுண்டுத் திட்டம். பிரான்சிடமிருந்து, அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையை வாங்கும் முயற்சியை 1976இல் அமெரிக்கா நெருக்கிக் கைவிட வைத்தது. அன்று நெருக்குவதற்கு அதனிடம் வலு இருந்தது. அண்மை ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகளில் தென்கொரியர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் சொந்த அணுகுண்டு வேண்டும் என்கிறார்கள். 2023 ஜனவரியில் அதிபராக இருந்த யூன் சுக்-இயோல் அதை வெளிப்படையாகப் பேச, ஏப்ரலில் வாஷிங்டனுக்கு அழைத்துப் புது உறுதிமொழிகள் கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். அடுத்த முறை உறுதிமொழி மட்டும் போதுமா என்பது எனக்கு ஐயமே.

உங்கள் நண்பரின் 1914க்கு வருகிறேன். எழுகின்ற ஜெர்மனியையும் தளர்கின்ற பிரிட்டனையும் மட்டும் பார்ப்பது இப்போதைய வழக்கம். அந்த ஜூலையில் தீ பற்றியது ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில். சரிந்துகொண்டிருந்த ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு, அண்டை நாடான செர்பியா விஷயத்தில் எது செய்தாலும் துணை நிற்பதாக ஜூலை 5 அன்று ஜெர்மானியப் பேரரசர் வாக்களித்தார். இருக்கும் ஒரே பெரிய கூட்டாளியும் போய்விடுமோ என்ற அச்சத்தில் கடிவாளத்தைக் கையிலிருந்து விட்டுவிட்டு வாக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 4க்குள் ஐரோப்பாவின் ஐந்து பெரிய அரசுகள் போரில் இருந்தன.

ஆகவே வல்லரசு தளர்வது மட்டுமே போரைக் கொண்டுவரும் என்று நான் கருதவில்லை. வலு குறைந்த பிறகும் கொடுத்த வாக்குகளைப் பழைய அளவிலேயே வைத்திருந்து, யாருக்காக எதுவரை போரிடுவோம் என்பதை நண்பர்களும் பகைவர்களும் ஊகித்துக்கொள்ளும்படி விடுகிற காலமே ஆபத்தானது. நாம் அதற்குள் நுழைந்துவிட்டோம் என்பது என் கணிப்பு.

இதில் கூட்டாளிகளுக்கும் பங்கு உண்டு. போர் மூண்டால் தென்கொரியப் படைகளுக்குக் கட்டளையிடும் பொறுப்பு இன்றும் ஓர் அமெரிக்கத் தளபதியிடம்தான் இருக்கிறது. அதை 2012இல் திருப்பித் தர இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. 2010இல் தென்கொரியாவின் சியோனன் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் இறந்தபின், தள்ளிவைக்கச் சொன்னது சியோல். 2015 என்றார்கள், பிறகு நாளே குறிக்காமல் விட்டுவிட்டார்கள். விடுதலையைக் கையில் கொடுக்க வந்தபோது ‘இப்போது வேண்டாம்’ என்றவர்களை ஆட்டுவிக்கப்படுகிறவர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

2025இல் பதவியேற்ற தென்கொரிய அதிபர் லீ ஜே-மியுங் தன் ஆட்சிக்காலம் முடியும் 2030க்குள் அந்தப் பொறுப்பைப் பெற விரும்புகிறார். இம்முறை சியோலின் கையும் ஓங்கியிருக்கிறது, கப்பல் விஷயத்தில் அமெரிக்காவே அதை நாடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பலான வாலி ஷிரா தென்கொரியாவின் கோஜே தீவில் உள்ள கப்பல் தளத்தில்தான் பழுதுபார்க்கப்பட்டது. ஃபிலடெல்பியாவின் கப்பல் கட்டும் தளத்தை கொரியாவின் ஹன்வா நிறுவனம் 2024இல் விலைக்கே வாங்கிவிட்டது. அமெரிக்கா கொரியாவில் இன்னும் ஊன்றி நிற்கும்போதே இந்தக் கைமாற்றம் நாள் குறித்து, பெய்ஜிங்குக்கும் வடகொரியாவின் பியோங்யாங்குக்கும் ஐயம் எழாதபடி நடப்பது நல்லது. அவசரத்தில் வெளியேறினால் பார்க்கின் வழிதான் மீண்டும் திறக்கும். தைவானுக்கு இப்படி நாள் குறித்த கைமாற்றமும் கிடையாது. அதனுடனான ஒப்பந்தம் 1980 தொடக்கத்திலேயே காலாவதியாகிவிட்டது. 1979இன் அமெரிக்கச் சட்டம் தற்காப்புக்கு ஆயுதம் கொடுக்கச் சொல்கிறதே தவிர, போரிடச் சொல்லவில்லை. நாள் குறித்துத் திருப்பித் தர அங்கே அமெரிக்காவிடம் எந்தப் பொறுப்பும் எழுத்தில் இல்லை.