பிரபலங்கள் நன்கொடையைச் சொந்த நாட்டில் தர வேண்டுமா, வெளிநாட்டிலா?

நன்கொடை என்பது தன் பணத்தைக் கைம்மாறு கேட்காமல் பொதுக் காரியத்துக்குத் தருவது. 2007-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி சுமார் 4 கோடி டாலர் செலவில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே ஏழை மாணவிகளுக்கு விடுதியோடு பள்ளி திறந்தபோது, அமெரிக்காவில் ஏழைகளே இல்லையா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிறவெறி ஆட்சி கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மட்டமான கல்வி தந்த நாடு தென்னாப்பிரிக்கா. 1994-இல் ஆட்சி மாறியும் அந்தப் பள்ளம் உடனே தூர்ந்துவிடவில்லை. தலைமடை பக்கத்திலேயே இருந்தாலும், காய்வது கடைமடைதானே?

உள்ளூருக்கு வேறொரு பலம் உண்டு: தேவை என்னவென்று பட்டே தெரிந்திருக்கும். நான்காம் வகுப்பில் 80 நாட்களுக்கு மேல் பள்ளிக்குப் போகாதவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ். 2018-இல் அவர் அறக்கட்டளையின் துணையோடு சொந்த ஊரான அக்ரனில் தொடங்கிய அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு சைக்கிள், வீட்டுக்கு மளிகைகூடக் கிடைக்கிறது. வெளியூர்க்காரருக்கு இது தோன்றியிருக்குமா, சந்தேகம்தான்.

வெளிநாட்டுக்குக் கொடுப்பவர் உள்ளூரைக் கைவிட்டார் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரி மாணவர்களுக்கு ஓப்ரா 1989-லேயே உதவித்தொகை நிதி தொடங்கிவிட்டார்.