கடல்நீர்த் தொட்டி: முதல் மீன் எப்போது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறோம். கோமாளி மீனும் பவளமும் உடனே வேண்டும் என்கிறான் மகன். விடலாமா? – ஒரு வாசகி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில் உப்புநீர், கல், மணல் மட்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி வரும், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். நான் பத்தாம் நாளே இரண்டு மீன் விட்டேன். மூன்று நாளில் இரண்டும் செத்துப்போயின. இன்னமும் மனது உறுத்துகிறது.

நம் ஊரில் பெரிய தொல்லை சூடுதான். தொட்டி நீர் சுலபமாக 30 டிகிரியைத் தொடும்; பவளத்துக்கு 25–27 நல்லது. சின்ன மின்விசிறி இரண்டு டிகிரி குறைக்கும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்புநீர் ஊற்றாதீர்கள், உப்பில்லாத நல்ல நீரே ஊற்றுங்கள். குழாய்நீரில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரமின் இருக்கிறது, ஆகவே ஆர்ஓ நீர், அதாவது நுண்சவ்வில் வடிகட்டிய நீர். தொட்டி நீரில் உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 என்று நிற்கட்டும்.

பவளமா? மீன்கள் இரண்டு மூன்று மாதம் நலமாக இருந்தால், காளான் பவளத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.