வசந்த் அண்ட் கோ ஓனர் வசந்தகுமார் அரசியலுக்கு எப்படி வந்தார்?

கடை போர்டுல கை கூப்பி சிரிச்சுட்டு இருப்பாரே, அவரேதான். கன்னியாகுமரி பக்கம் அகஸ்தீஸ்வரம்தான் சொந்த ஊரு, 1950ல பொறந்தவர். விஜிபி கம்பெனில சேல்ஸ்மேனா வேலை பாத்துட்டு 1978ல சென்னைல சொந்தமா ஒரு சின்னக் கடை போட்டார். கையில மொத்தமா காசு இல்லாதவங்களுக்கும் தவணைல பொருள் குடுத்துதான் வளர்ந்தார், ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ்னு எங்க வீடு மாதிரி எத்தனையோ வீட்டுக்குள்ள மாசத் தவணைலதான் அதெல்லாம் வந்துச்சு.

அரசியல் அவருக்குப் புதுசு இல்ல, அண்ணன் குமரி அனந்தன் காங்கிரஸ்ல பெரிய தலைவரா இருந்தவர், ஆனா அண்ணன் மக தமிழிசை பாஜகல, அந்தக் குடும்பக் கதையே தனி. இவர் காங்கிரஸ்லயே இருந்து 2006ல நாங்குநேரி எம்எல்ஏ ஆனார், 2011ல தோத்தார், 2016ல திரும்ப ஜெயிச்சார். 2014ல கன்னியாகுமரி எம்பி தேர்தல்ல பாஜகவோட பொன். ராதாகிருஷ்ணன்கிட்ட தோத்து, 2019ல அதே ஆள அதே தொகுதில தோக்கடிச்சார். ரெண்டு பதவியும் வெச்சுக்க முடியாதுல்ல, அதனால எம்எல்ஏ பதவிய விட்டார், நாங்குநேரில இடைத்தேர்தல் வந்து அது அதிமுக கைக்குப் போச்சு.

என்னைக் கேட்டா, ஓட்டு கேக்கப் போறப்ப முகத்த அறிமுகப்படுத்த வேண்டிய வேலையே இல்லாம போனதுதான் அவரோட பெரிய பலம், விளம்பரம் அத முன்னாடியே பண்ணிடுச்சு. 2020 ஆகஸ்ட்ல கொரோனால இறந்துட்டார், 2021 இடைத்தேர்தல்ல அவர் பையன் விஜய் வசந்த் கன்னியாகுமரில ஜெயிச்சார்.