ஏற்காட்டுப் பனிக்கும் கேம்பருக்கும் ஒரே பிக்கப் போதுமா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்கு வேலைக்கு வந்து போகிறேன். டபுள் கேபின், ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கி, லீவுக்குக் குடும்பத்தோடு சுற்றப் பின்னால் சாமான் தொட்டியின்மேல் கேம்பர் (உள்ளே தங்கிப் படுக்கும் கூண்டு) மாட்டலாம் என்று இருக்கிறேன். பட்டறையில் 600 கிலோவில் செய்து தருகிறார்களாம். மார்கழிப் பனியில் தினசரி ஓட்டவும் ஒத்துவருமா?

பதில்: தினசரி ஓட்ட ஒத்துவரும். 600 கிலோ கேம்பர் வேண்டாம்.

ஆர்.சி.யில் வெறும் வண்டி எடை, மொத்த எடை என்று இரண்டு இருக்கும். மொத்த எடையில் வெறும் எடையைக் கழித்து வருவதைத்தான் வண்டி சுமக்கலாம். ஆட்களும் அதில் சேர்த்தி. ஒரு பேச்சுக்கு 800 கிலோ என்று வையுங்கள். நான்கு பேருக்கு 260, நூறு லிட்டர் தண்ணீருக்கு 100, நிறைந்த கேஸ் சிலிண்டருக்குச் சுமார் 30 போனால் மிச்சம் 410. துணிமணி, பாத்திரம் இன்னும் ஏற்றவில்லை.

“எக்ஸ்ட்ரா பட்டை போட்டுடலாம் சார், தாங்கும்” என்று பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைச் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். பட்டை சேர்த்தால் பின்பக்கம் தொங்காமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக், ஆக்சில், டயர் எல்லாம் அதேதான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் பட்டையா நிறுத்தும்? அப்புறம், மற்ற நாட்களில் காலி வண்டியாக ஓட்டும்போது அந்த விறைத்த பின்பக்கம் குதித்து, ஈரச் சாலையில் வழுக்கும்.

இதைவிட மோசம், “போல்ட் போட்டு மாட்டிடுங்க, ஆர்.சி.யை நான் பார்த்துக்கறேன்” என்கிற புரோக்கர். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாளை விபத்து என்றால் இன்சூரன்ஸில் பதில் சொல்லப்போவது நீங்கள், புரோக்கர் இல்லை. வண்டி விற்கும்போதே இதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சொல்ல வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை, அதனால்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

பனியில் ஃபோர் வீல் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். நம்மூரில் கிடைக்கும் பிக்கப்களில் பெரும்பாலும் பார்ட் டைம் ஃபோர் வீல்தான், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாமே போட்டு எடுப்பது. காய்ந்த தாரில் அதைப் போட்டு வளைவில் திரும்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். உள்ளே பல் சக்கரங்கள் தேயும். ஒரே விலக்கு, காப்பித் தோட்டத்து மண் பாதை. மழையில் செம்மண் குழைந்து கிடந்தால் தாராளமாகப் போடுங்கள். சேற்றில் சிக்கிச் சக்கரம் சுற்றிய பிறகு அல்ல, இறங்கும் முன்பே. பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்து கீழே அடிவாரம் வரை ஓட்டி வருகிறவர்கள்தான் அதிகம். பனிக்கு லோ பீம், இறக்கத்துக்கு இரண்டாம் கியர், நல்ல டயர் போதும்.

கேம்பர் கட்டாயம் வேண்டுமென்றால் 300 கிலோவுக்குள், கழற்றி இறக்கும்படி, பாரம் பின் ஆக்சிலுக்கு முன்னால் விழும்படி செய்யச் சொல்லுங்கள். பட்டறைக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன் தண்ணீர் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றி எடை மேடைக்குப் போங்கள். சீட்டில் வரும் எடை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் பணம் கொடுக்காதீர்கள்.