மகள் சிரித்தால் பொறுக்கவில்லையா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பல வருடமாக இருக்கிறோம். கணவர் இல்லை. மூத்த மகன் பி.காம். படித்து, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். தான் பெண் என்று சொல்லி வீட்டைவிட்டுப் போய்விட்டான். தெருவில் ஜாடை பேசுகிறார்கள். சின்னவனுக்குச் சம்பந்தம் பேசப் போனால், “மூத்தவர் என்ன செய்கிறார்?” என்பதுதான் முதல் கேள்வி. அவன் கெட்டுப்போக வேண்டும் என்றா நான் நினைக்கிறேன்? மாதாமாதம் பணம் அனுப்புகிறான். இந்த வீட்டு லீஸ் தொகையில் பாதி அவன் கொடுத்ததுதான். ஆனால் பணம் போன மானத்தைத் தருமா? தெருவே பேசுகிறது. பேன்ட் சட்டையில் வருவதானால் வா, இல்லையென்றால் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு வராதே என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டான். அறுவை சிகிச்சையைக்கூட என்னிடம் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, பச்சைப் புடவை கட்டிவிட்டது அவன் ‘அம்மா’ என்று கூப்பிடும் ஒரு திருநங்கையாம். சின்னவன் போனில் படம் பார்த்தேன். அவ்வளவு சிரிப்பு. இந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. அது கிடக்கட்டும். அவனைப் பேசிப் பழையபடி மாற்றும் ஆலோசகர் யாராவது இங்கே இருக்கிறாரா? ஊர் வாயை எப்படி அடைப்பது?

ஒரு தாய், பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சிகிச்சை செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. ஊர் வாய் எப்படியோ போகட்டும். ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப் போனீர்களே, அந்தப் படத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

உங்கள் மகள் (அப்படித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்) அழுதுகொண்டு வந்து நின்றிருந்தால் கதவைத் திறந்திருப்பீர்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கஷ்டப்படும் பிள்ளையைத் தாங்கத் தெரிந்த உங்களுக்கு, சிரிக்கும் பிள்ளையைத் தாங்க முடியவில்லை. இத்தனை காலம் இந்த வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்று அந்தச் சிரிப்பு கேட்கிறது. திருநங்கையர் வழக்கப்படி அந்த நாற்பது நாளும் கண்ணாடி பார்க்கக் கூடாது. சடங்கன்றுதான் முகம் பார்ப்பார்கள். நீங்கள் பார்த்தது அந்த நேரத்துச் சிரிப்பாகவும் இருக்கலாம்.

மஞ்சள் பூசியது வேறொருவர் கை என்பதும் உறுத்துகிறது. பொறாமை என்றால் கோபப்படுவீர்கள். பெற்ற வயிற்றுக்கு அது வராமல் இருக்குமா? ஆனால் நீங்கள் எழுந்துபோன இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அவள் சம்பாதிக்கலாம், அனுப்பலாம். சந்தோஷமாக இருப்பதற்கு மட்டும் உங்கள் அனுமதி வேண்டுமா? தன் பாலினத்தைத் தானே சொல்வது கண்ணியமாக வாழும் உரிமையில் அடங்கும் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருநங்கையர் உள்ளிட்ட திருநரை, பெற்றோரின் வீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அவள் உங்கள்மேல் வழக்குப் போடவில்லை. லீஸுக்குப் பணம்தான் போட்டாள்.

சம்பந்தி வீட்டார் கேட்டால், மூத்தவள் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லுங்கள். கேட்டதற்கு அதுதானே பதில்? நிச்சயதார்த்தத்துக்கு அவளை மறுபடி அழையுங்கள், இப்போதைய பெயரைச் சொல்லி. கடிதத்தில் ஓரிடத்தில்கூட அந்தப் பெயரை நீங்கள் எழுதவில்லை. என்ன உடுத்துவது என்பது அவள் பாடு. மஞ்சள் பூசிய அந்த அம்மாவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும்.