கொய்யாத் தோப்பில் கிளி பிடிக்க அனுமதித்தேன்; வழக்கு வருமா?

கேள்வி: பழனி அருகே எனக்கு மூன்று ஏக்கர் கொய்யாத் தோப்பு இருக்கிறது. காய் பழுக்கும் சமயத்தில் பச்சைக்கிளிகள் கூட்டமாக வந்து கொத்திப் போட்டுவிடுகின்றன. வெளியூர்க்காரர் ஒருவர், "நீங்கள் காசு தர வேண்டாம், வலை விரித்துப் பிடித்துக்கொண்டு போகிறேன்" என்றார். சம்மதித்தேன். பிடித்துப்போனவர், பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து எடுத்த இரண்டு குஞ்சுகளை என் பேத்தியிடம் கொடுத்தார். யாரோ படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் நிலத்தில் என் விளைச்சலைக் காப்பாற்றியது குற்றமா? வலையை நான் தொடவே இல்லை. ஜோசியக்காரர்கள் கிளி வைத்திருக்கிறார்களே? குஞ்சுகளை இப்போதே பறக்க விட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது. குஞ்சுகளைப் பறக்க விடாதீர்கள். கையால் ஊட்டி வளர்ந்த குஞ்சுக்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. அன்று மாலைக்குள் பூனை வாயில் போய்விடும். விசாரணை அறிவிப்பு வந்த பிறகு விட்டால், தடயத்தை மறைத்தீர்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது? தோப்புக்குப் பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். அங்கே வந்து இறங்கும் கிளிக்கு நீங்கள் உரிமையாளர் அல்ல. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணப் பச்சைக்கிளி, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். வலை விரிப்பது, கண்ணி வைப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வலையைத் தொடவில்லை என்ற வாதம் உங்களை அதிக தூரம் கொண்டுபோகாது. 52-ஆம் பிரிவு உடந்தையாக இருந்தவரையும் குற்றவாளியாகவே பார்க்கிறது. தோப்புக் கதவைத் திறந்துவிட்டது நீங்கள். காசு வாங்காமல் ஒருவர் வேலை செய்கிறார் என்றால், அவருக்குக் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது என்பது விவசாயியான உங்களுக்குத் தெரியாததா?

குஞ்சுகள் தனிக் கணக்கு. இப்படிக் கைக்கு வந்த பறவை அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்திருக்க வேண்டும். அது தவறிவிட்டது. பேத்தி ஆசையாக வளர்க்கிறாள் என்பது எனக்குப் புரிகிறது. நீதிமன்றத்தில் அது எடுபடாது. 57-ஆம் பிரிவின்படி, பறவை உங்கள் வசம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அது முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். "உரிமம் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜோசியக்காரரைக் கைகாட்டுவதிலும் பயன் இல்லை. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவரின் கிளிகளையே வனத்துறை பறிமுதல் செய்தது.

சட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். பறிமுதல் செய்த கூடை ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முழங்கை நீளமுள்ள மூங்கில் கூடை, மேலே சாக்கு. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளிகள். ஒன்றின் இறக்கை மூட்டில் நைலான் நூல் இறுகித் தோலை அறுத்திருந்தது. பெரும்பாலானவற்றுக்கு இறகுகளைக் கத்திரிக்கோலால் நறுக்கியிருந்தார்கள். அடியில் கிடந்தவை அசையவே இல்லை. உங்கள் தோப்பிலிருந்து போன கிளிகளும் இப்படித்தான் போயிருக்கும். இவ்வளவு கொடுமைக்கும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்! ஒரு கிலோ கொய்யா விலைகூட வராது. வன உயிரினச் சட்டம் மட்டும் இல்லையென்றால் கிளி பிடிப்பவரைக் கேட்க நாதியில்லை. பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு, கூண்டில் அடைக்க மனிதருக்கு உரிமை இல்லை என்று 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். அந்தக் கூடையைப் பார்த்தவன் சிரிக்க மாட்டேன்.

இனி விசாரணை. பொய் சொல்லாதீர்கள், படம் அவர்கள் கையில் இருக்கிறது. வழக்கறிஞரோடு போங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் செல்லாத காவல் நிலைய ஒப்புதல் வாக்குமூலம்போல இதை நினைத்துவிட வேண்டாம்: அதிகாரம் பெற்ற உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னால் நீதிமன்றத்தில் செல்லும். வலை விரித்தவரைப் பற்றித் தெரிந்ததை, வண்டி எண் உட்பட, சொல்லிவிடுங்கள். அவரைக் காப்பாற்ற நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

இரண்டாம் அட்டவணைப் பறவை என்பதால் 54-ஆம் பிரிவின்கீழ் இணக்கக் கட்டணம் செலுத்தி விஷயத்தை முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்; உச்சவரம்பு ஐந்து லட்சம் வரை போகும். முதல் முறை, வயது, தானாக முன்வந்து ஒப்படைத்தது ஆகியவற்றை மனுவில் எழுதித் தாருங்கள்.

விளைச்சலுக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்விதான். பயிருக்குச் சேதம் விளைவிக்கும் இரண்டாம் அட்டவணை உயிரினத்தைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்துமூலம் அனுமதிக்கலாம் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. மனு போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கொய்யாவுக்காகக் கிளி பிடிக்க உத்தரவு கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். காய்களுக்கு உறை கட்டுவதும், மினுமினுக்கும் ரிப்பன் கட்டுவதும், விடியலிலும் மாலையிலும் ஆள் வைத்துத் தகரம் தட்டி ஓட்டுவதும் செலவுதான். வழக்குச் செலவைவிடக் குறைவு. மரங்களுக்கு மேல் வலை போடுவதானால் இறுக்கமாக இழுத்துக் கட்டிய, கண்ணுக்குத் தெரியும் தடித்த வலையாக இருக்கட்டும். தொளதொளவென்று தொங்கும் மெல்லிய நைலான் வலையில் பறவை சிக்கினால் திரும்பவும் வனச்சரகர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

விசாரணை நாள்வரை காத்திருக்க வேண்டாம். நாளை காலையே குஞ்சுகளைக் காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்து வனச்சரகர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.